கருமருந்துப் புள்ளிகள்

சிவகாசிப் பக்கம் போனால் 'மருந்து' என்கிற சொல்லைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே அதற்கு இரண்டு அர்த்தம். ஒன்று, மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது. இன்னொன்று, பட்டாசுக்குள் போவது. 'மருந்து செலுத்துறார்' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவர் டாக்டர் அல்ல. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்த கலவையைக் காகிதக் குழாய்க்குள் நிரப்புகிற தொழிலாளி. வலியைத் தணிப்பதும் மருந்து, வெடித்துச் சிதறுவதும் மருந்து!

நாரணாபுரம் இந்த வட்டாரத்து ஊர்களில் ஒன்று. சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து பேப்பர் படிக்கிற நமக்கு, இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் விபத்துச் செய்திகளில்தான் அறிமுகமாகும். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி என்கிற பெயர் அப்படித்தான் நமக்குத் தெரியவந்தது. சுமார் நாற்பது உயிர்கள் போயின. வெடித்தால் சத்தம் கேட்கிறது, புகை தெரிகிறது. அதனால் நாமும் திரும்பிப் பார்க்கிறோம்.

வெடிக்காமல், சத்தம் போடாமல், உள்ளுக்குள்ளேயே எரிகிற ஒன்றைப் பற்றி இந்த வாரம் பேசலாமா?

பெண்களின் அடிவயிற்றில் வரும் ஒரு நோய் அது. மெல்லிய குழாயை வயிற்றுக்குள் செலுத்திப் பார்க்கிற டாக்டரின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் தெரியுமா? உள்சவ்வின் மேல் அங்கங்கே கறுப்பாக, கருநீலமாகப் புள்ளிகள். சுற்றிலும் சுருங்கிப்போன தழும்பு. துப்பாக்கி மருந்து பட்டுத் தீய்ந்த தோல் மாதிரி! மருத்துவப் புத்தகங்களில் இதற்கு 'பவுடர் பர்ன்' புள்ளிகள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாரணாபுரத்துத் தமிழில் சொன்னால், கருமருந்துப் புள்ளிகள்.

நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ்.

பட்டாசு மருந்தால் இந்த நோய் வருகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். இது உலகம் முழுக்க இருக்கிற நோய். கோட்டு சூட்டு போட்டு ஏ.சி. அறையில் வேலை செய்கிற பெண்ணுக்கும் வரும். திரி மாட்டுகிற பெண்ணுக்கும் வரும். வித்தியாசம் வருவதில் இல்லை, கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. அந்த வித்தியாசத்துக்கு ஒரு பெரிய சரித்திரமே உண்டு.

* * *

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். கருப்பையின் உட்சுவரில் ஒரு மெத்தை இருக்கிறது. மாதாமாதம் அது தடிமனாகும். கரு தங்கவில்லை என்றால் உதிர்ந்து, ரத்தத்தோடு வெளியேறிவிடும். இதுதான் மாதவிலக்கு. இந்த மெத்தையைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே முளைத்துவிட்டால்? சினைப்பையில், குடலின் மேல், சிறுநீர்ப்பையின் மேல் என்று எங்கெங்கோ ஒட்டிக்கொண்டால்? அதுவும் மாதாமாதம் ஹார்மோனின் பேச்சைக் கேட்டு வீங்கும், கசியும். ஆனால், அந்த ரத்தம் வெளியேற வழி கிடையாது. உள்ளேயே தேங்கிப் புண்ணாகித் தழும்பாகும். ஒரு உறுப்பை இன்னொரு உறுப்போடு பசை போட்ட மாதிரி ஒட்டவைக்கும். சினைப்பையில் தேங்கினால் பழுப்பு நிறத்தில் கெட்டிக் குழம்பாக ஒரு கட்டி உருவாகும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சாக்லேட் சிஸ்ட்' என்று பார்த்திருப்பீர்களே... அதுதான்! இப்படி ஒரு பெயரை வைக்க எப்படித்தான் மனசு வந்ததோ!

மாதவிலக்கின்போது சுருண்டு படுக்கவைக்கிற வலி, தாம்பத்யத்தில் வலி, மலம் கழிக்கும்போது வலி, குழந்தை தரிப்பதில் சிக்கல்... இவையெல்லாம் இதன் அறிகுறிகள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதில் இருக்கிற பெண்களில் சுமார் 10 சதவிகிதம் பேருக்கு, அதாவது உலக அளவில் 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. இந்தியாவில் மட்டும் 4 கோடிப் பேருக்கு மேல் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

பத்தில் ஒருவர்! அப்படியென்றால் உங்கள் தெருவில் இருக்கிறார்கள். உங்கள் ஆபீஸில் இருக்கிறார்கள். ஒருவேளை, உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். ஆனாலும், சர்க்கரை நோய், ஆஸ்துமா மாதிரி இந்தப் பெயர் நம் வாயில் புழங்குவதே இல்லை. ஏன்?

ஏனென்றால், இதன் முக்கிய அறிகுறி வலி. அதுவும் மாதவிலக்கு வலி. அந்த வலிக்கு நம்மிடம் ஏற்கெனவே மூன்று ரெடிமேட் பதில்கள் இருக்கின்றன. ஒன்று, 'பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.' இரண்டு, 'கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்.' மூன்று, 'ஒரு குழந்தை பெத்துட்டா எல்லாம் போயிடும்.'

இது ஏதோ நம்ம ஊர்ப் பாட்டிகளின் வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஹார்வர்டு பேராசிரியரே சொன்னதுதான்!

* * *

இந்த நோயை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து முதலில் எழுதிவைத்தவர் என்று பலரும் கைகாட்டுவது வியன்னாவின் கார்ல் ரோகிடான்ஸ்கியை. வருஷம் 1860. ஆயிரக்கணக்கான சடலங்களை அறுத்துப் பார்த்து நோய்களைப் புரிந்துகொண்ட மேதை அவர். அதற்குப் பிறகு அறுபது வருஷம் பெரிய முன்னேற்றம் ஒன்றுமில்லை. 1921-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் ஜான் சாம்ப்ஸன் என்கிற சர்ஜன், சினைப்பையின் சாக்லேட் கட்டிகளைப் பற்றி விரிவாக எழுதினார். ரத்தம் கீழே வெளியேறுவதோடு, கருக்குழாய் வழியாகப் பின்னோக்கியும் போகிறது. அதில் மிதந்து போகிற திசு வயிற்றுக்குள் விதை மாதிரி விழுந்து முளைக்கிறது என்று 1927-ல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். நோய்க்கு இன்றைய பெயர் நிலைத்ததும் அவரால்தான்.

சாம்ப்ஸன் சொன்னது பாதி உண்மை. ரத்தம் பின்னோக்கிப் போவது மிகப் பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது என்று 1980-களில் தெரியவந்தது. அப்படியானால் எல்லோருக்கும் அல்லவா நோய் வர வேண்டும்? ஏன் பத்தில் ஒருவருக்கு மட்டும் வருகிறது? இந்தக் கேள்விக்கு நூறு வருஷமாக விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சாம்ப்ஸனுக்குப் பிறகு வந்தவர்தான் ஹார்வர்டின் ஜோ மெய்க்ஸ். 1940-களில் அவரிடம் சிகிச்சைக்கு வந்த வசதியான பெண்களிடம் இந்த நோய் அதிகமாகத் தெரிந்தது. அதை வைத்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்தப் பெண்கள் தாமதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், தாமதமாகப் பிள்ளை பெறுகிறார்கள், அதனால்தான் இது வருகிறது! பரிகாரம்? சீக்கிரம் கல்யாணம், சீக்கிரம் பிள்ளை. மெல்ல மெல்ல இதற்கு 'வேலைக்குப் போகும் பெண்களின் நோய்' என்றே பட்டம் கட்டிவிட்டார்கள். ஏழைப் பெண்களுக்கும் கறுப்பினப் பெண்களுக்கும் இது வராது என்று பாடப் புத்தகமே சொன்னது.

அவர்களுக்கு அடிவயிறு வலித்தால்? அது ஏதோ பால்வினைத் தொற்று என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள். வலியோடு சேர்த்து அவமானமும் இலவசம்!

1976-ல் சிகாகோவைச் சேர்ந்த டொனால்ட் சாட்மன் என்கிற டாக்டர் இந்தக் கதையை உடைத்தார். தன்னிடம் வந்த கறுப்பினப் பெண்களின் வயிற்றுக்குள் குழாய் விட்டு நேரடியாகப் பார்த்தார். ஐந்தில் ஒருவருக்கு மேல் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தது! அவர்களில் பலருக்கு முன்பு 'தொற்று' என்று தவறாக எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பணக்காரப் பெண்களின் வயிற்றை மட்டும் பார்த்தார்கள்; அதனால் அது பணக்கார நோயாகத் தெரிந்தது. அவ்வளவுதான் விஷயம். விளக்கை எங்கே பிடிக்கிறோமோ அங்கேதான் வெளிச்சம்.

சாட்மன் பிடித்த அந்த விளக்குக்கும் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதை நம்ம ஊர் வரைக்கும் நீள்கிறது.

* * *

மனித உடம்புக்குள் வெளிச்சத்தை அனுப்பிப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை பழசு. 1806-ல் ஜெர்மானிய டாக்டர் பிலிப் போட்ஸினி, ஒரு மெழுகுவத்தியையும் கண்ணாடியையும் வைத்து ஒரு கருவியைச் செய்து காட்டினார். 1901-ல் கியார்க் கெல்லிங், ஒரு நாயின் வயிற்றைக் காற்றால் உப்பவைத்து உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார். 1910-ல் ஸ்வீடனின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஜேக்கபேயஸ் அதை மனிதர்களிடம் செய்தார். 'லேப்ராஸ்கோப்பி' என்கிற பெயரும் அவர் கொடுத்ததுதான்.

இதைப் பெண்களுக்கான மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் பாரிஸைச் சேர்ந்த ரவுல் பால்மர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. நகரம் ஹிட்லரின் ராணுவத்தின் பிடியில். அந்தக் களேபரத்திலும் பால்மர் தன் வேலையைத் தொடர்ந்தார். அவர் எதைத் தேடினார்? சில பெண்களுக்கு ஏன் குழந்தை பிறக்கவில்லை என்பதை!

அப்போதெல்லாம் குழாயின் முனையில் குட்டி பல்பு இருக்கும். வயிற்றுக்குள்ளேயே அது எரியும், சூடாகிவிடும். குடல் சுட்டுப்போகிற ஆபத்து உண்டு. இதற்கு விடிவு வந்ததில் ஒரு இந்தியருக்குப் பங்கு இருக்கிறது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி! லண்டனில் ஹெரால்டு ஹாப்கின்ஸோடு சேர்ந்து, தலைமுடி மாதிரியான கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி அதன் வழியே உருவத்தை அனுப்ப முடியும் என்று 1954-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஒளியிழை வந்த பிறகு, விளக்கு வெளியே நின்றது. வெளிச்சம் மட்டும் உள்ளே போனது.

இங்கிலாந்தின் பேட்ரிக் ஸ்டெப்டோ இந்தக் கலையை பால்மரிடம் கற்றுக்கொண்டார். 1967-ல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பிறகு ராபர்ட் எட்வர்ட்ஸோடு சேர்ந்து, இதே குழாயால் கருமுட்டையை எடுத்தார். 1978 ஜூலை 25-ம் தேதி உலகின் முதல் டெஸ்ட் ட்யூப் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள். உலகமே கொண்டாடியது.

குழந்தை வேண்டும் என்று கேட்டவர்களுக்காக விளக்கு உள்ளே போனது. சரி. இந்தியாவில்?

இங்கே கதை அப்படியே தலைகீழ்!

* * *

இந்தியா 1952-லேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசாங்கத் திட்டமாக ஆக்கியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில், ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களுக்கு ரொக்கம் கொடுத்து முன்னோடியாக நின்றது நம் சென்னை மாநிலம். அப்போது ஆபரேஷன் என்றால் முக்கியமாக ஆண்களுக்குத்தான். 1971 ஜூலையில் கேரளாவின் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 63 ஆயிரம் ஆண்களுக்கு மேல் வரிசையில் நின்று செய்துகொண்டார்கள். திருவிழா மாதிரி!

பிறகு எமர்ஜென்சி வந்தது. 1976-77-ல் மட்டும் 82 லட்சம் ஆபரேஷன்கள். அதில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு. பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் செய்த கதைகள் வட இந்தியா முழுக்கப் பரவின. 1977 தேர்தலில் இந்திரா காந்தி தோற்றார். அதற்குப் பிறகு ஆண்களைத் தொட எந்த அரசியல்வாதிக்கும் தைரியம் வரவில்லை. ஆனால், திட்டத்தின் இலக்கு மட்டும் அப்படியே நின்றது. என்ன செய்வது?

பெண்கள் பக்கம் திரும்பினார்கள். ஓட்டுச் சாவடியில் அவர்கள் பழிவாங்க மாட்டார்கள் என்கிற நம்பிக்கையோ என்னவோ!

அந்த நேரத்தில் கைக்கு வந்து சேர்ந்ததுதான் லேப்ராஸ்கோப். பெரிய கத்திக் கீறல் வேண்டாம். வயிற்றில் சின்னத் துளை, காற்றை நிரப்பு, குழாயை விடு, இரண்டு கருக்குழாய்களிலும் ரப்பர் வளையம் மாதிரி ஒன்றை மாட்டு, முடிந்தது. கைதேர்ந்தவருக்குச் சில நிமிஷ வேலை. 1980-களில் நாடு முழுக்க முகாம்கள். பள்ளிக்கூடக் கட்டடங்களில்கூட நடந்தன. ஒரே டாக்டர் ஒரே நாளில் டஜன் கணக்கில் முடித்துவிட்டுப் போவார்.

அதன் உச்சத்தை 2014 நவம்பரில் பார்த்தோம். சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கத்தில், ஒரு முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. அந்தப் பகுதியில் 13 பெண்கள் இறந்துபோனார்கள். அதே காலகட்டத்தில் ஒடிசாவில் ஒரு முகாமில் பெண்களின் வயிற்றை உப்பவைக்க சைக்கிள் பம்ப்பைப் பயன்படுத்தினார்கள் என்ற செய்தியும் வந்தது. சைக்கிள் பம்ப்! 2016 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட், மூன்று வருஷத்துக்குள் இந்த முகாம்களையே நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது.

தமிழ்நாட்டின் கதை கொஞ்சம் வேறு. இங்கே பெரும்பாலும் பிரசவம் ஆன கையோடு ஆஸ்பத்திரியிலேயே சின்னக் கீறல் போட்டுச் செய்துவிடுவார்கள். பாதுகாப்பு அதிகம். 1990-களின் தொடக்கத்திலேயே நம் மாநிலம் குழந்தைப் பிறப்பைக் கட்டுக்குள் கொண்டுவந்து நாட்டுக்கே வழிகாட்டியது. அடுத்தடுத்த பிரசவங்களில் செத்துப்போயிருக்க வேண்டிய எத்தனையோ தாய்மார்கள் பிழைத்தார்கள். அதைக் குறைத்துப் பேசவே கூடாது. ஆனால், பாரம் யார் தலையில்? 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில்? நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை!

இப்போது இந்தக் கதைகளை எல்லாம் சேர்த்துப் பாருங்கள். குழந்தை வேண்டும் என்றாலும் விளக்கு உள்ளே போனது. வேண்டாம் என்றாலும் விளக்கு உள்ளே போனது. 'எனக்கு வலிக்குது' என்று சொன்னவளுக்காக?

நம் நாட்டில் லட்சக்கணக்கான ஏழைப் பெண்களின் வயிற்றுக்குள் அந்த வெளிச்சம் பாய்ந்திருக்கிறது. கருமருந்துப் புள்ளிகளைப் பார்க்க அதைவிட நல்ல ஜன்னல் கிடையாது. ஆனால், பார்த்தவரின் வேலை இரண்டு குழாய்களைத் தேடிக் கட்டுவது மட்டும்தான். முகாம் டாக்டரை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. அவருக்குக் கிடைத்தது சில நிமிஷம். வெளியே வரிசை நிற்கிறது. மேலே இலக்கு நிற்கிறது. 'வழியில் வேறு ஏதாவது தெரிந்தால் எழுதிக் கொடுங்கள்' என்று அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. அதுதான் பிரச்னை.

* * *

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. கறுப்புப் புள்ளி இருந்தால்தான் நோய் என்று டாக்டர்களுக்குப் பழகிப்போயிருந்தது. 1986-ல் சிட்னியைச் சேர்ந்த ஜேன்சன், ரஸ்ஸல் என்கிற இருவர், நிறமே இல்லாத புள்ளிகளும் இதே நோய்தான் என்று எழுதினார்கள். வெள்ளைத் தழும்பு, செந்நிறத் தீற்றல், தண்ணீர்க் கொப்புளம் மாதிரி... கருமருந்து மாதிரி இல்லாததால் எத்தனை பேரை 'உள்ளே ஒண்ணுமில்லம்மா' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்களோ! அதே காலத்தில் ஈரானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கேம்ரன் நெஜாத், குழாயோடு வீடியோ கேமராவைப் பொருத்தி, டி.வி. திரையில் பார்த்து இந்தப் புள்ளிகளை அகற்றும் முறையை வளர்த்தெடுத்தார். அன்று சக டாக்டர்கள் சிரித்தார்கள். இன்று உலகமே திரையைப் பார்த்துத்தான் ஆபரேஷன் செய்கிறது.

இன்னும் ஒரு விசித்திரம். புள்ளிகள் குறைவாக இருந்தால் வலி குறைவு, அதிகம் என்றால் வலி அதிகம் என்று கணக்கு போட முடியாது. நாலே புள்ளி உள்ளவர் துடித்துப்போவார். வயிறு முழுக்கத் தழும்பு உள்ளவர் எதுவும் தெரியாமல் நடமாடுவார். ஆக, 'ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்லையே... ஏன் இப்படி அலட்டிக்கிற?' என்கிற கேள்விக்கு மருத்துவத்தில் இடமே இல்லை.

சரி, வலியைச் சொல்ல முடியாத பெண்கள் என்ன செய்கிறார்கள்?

நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சரம் பின்னுவது, திரி மாட்டுவது, பாக்கெட் போடுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கை வேலை. எண்ணிக்கைக்குத்தான் கூலி. இத்தனை முடித்தால் இத்தனை ரூபாய். 'வேலைக்குப் போகலைன்னா காசு இல்ல.' அவ்வளவுதான் கணக்கு. தரையில் குனிந்து உட்கார்ந்து மணிக்கணக்கில் செய்கிற வேலை. அடிவயிறு பிடித்து இழுக்கும்போது இரண்டு நாள் படுத்தால், அந்த வாரச் சம்பளத்தில் இரண்டு நாள் குறையும். வருஷத்துக்கு எத்தனை மாதவிலக்கு? பெருக்கிப் பாருங்கள்.

கூலியும் வலியும் மோதினால் எது ஜெயிக்கும் என்பதற்கு இரண்டு நிஜ உதாரணங்கள் உண்டு. ஒன்று நம் மாநிலத்திலேயே நடந்தது. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் தமிழ்நாட்டின் துணி ஆலைகளில் வேலை செய்கிற சுமார் நூறு பெண்களிடம் பேசியது. மாதவிலக்கு வலி என்று சொன்னால், மேலாளர் தரப்பிலிருந்து பெயர்கூட இல்லாத மாத்திரையைக் கொடுத்து வேலையைத் தொடரச் சொல்வதாக அவர்கள் சொன்னார்கள். வலி மறைந்தது. மெஷின் நிற்கவில்லை. காரணத்தை யாரும் தேடவில்லை.

இன்னொன்று மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம். கரும்பு வெட்டப் போகிற பெண்களின் ஊர். அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு ஜோடிக் கணக்கு. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் கான்ட்ராக்டர் 500 ரூபாய் அபராதம் போடுவார். 2019-ல் அரசு அமைத்த குழு 82,309 பெண்களை விசாரித்தது. அதில் 13,861 பேர் கருப்பையையே எடுத்துவிட்டிருந்தார்கள்! ஏறக்குறைய ஆறில் ஒருவர். வலி, வெள்ளைப்படுதல், 'விட்டால் கேன்சர் ஆயிடும்' என்கிற பயமுறுத்தல்... காரணங்கள் பல. ஆனால், அடியில் ஓடிய கணக்கு ஒன்றுதான். மாதவிலக்கே இல்லை என்றால் லீவே இல்லை.

இதில் சோகம் என்னவென்றால், எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிற பெண்ணுக்குக் கருப்பையை எடுத்தாலும் வலி போய்விடும் என்று உறுதி கிடையாது. நோய் இருப்பது கருப்பைக்கு வெளியேதானே!

* * *

இருட்டையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். கடந்த சில வருஷங்களில் நல்ல செய்திகளும் வருகின்றன.

2023-ல் ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் தலைமையில் ஒரு பெரிய மரபணு ஆராய்ச்சி வெளிவந்தது. நோய் உள்ள 60 ஆயிரம் பெண்களையும், இல்லாத 7 லட்சம் பேரையும் ஒப்பிட்டார்கள். மரபணுத் தொகுதியில் 42 இடங்கள் இந்த நோயோடு தொடர்புள்ளவை என்று தெரிந்தது. ஒற்றைத் தலைவலி, முதுகுவலி போன்றவற்றோடும் மரபணு அளவில் உறவு இருக்கிறதாம். 'உடம்பு பூரா வலிக்குது டாக்டர்' என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை!

அதே வருஷம் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆச்சரியம். ஃப்யூஸோபாக்டீரியம் என்கிற, வாயில் சாதாரணமாகக் காணப்படும் பாக்டீரியா, நோய் உள்ள பெண்களில் 64 சதவிகிதம் பேரின் கருப்பைத் திசுவில் இருந்தது. நோய் இல்லாதவர்களில் 10 சதவிகிதத்துக்கும் குறைவு. எலிகளுக்கு ஆன்ட்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தபோது புண்கள் குறைந்தன. எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்குமா என்பது இனிமேல்தான் தெரியும். அதனால், மெடிக்கல் ஷாப்பில் போய் ஆன்ட்டிபயாடிக் கேட்டுவிடாதீர்கள்! பிரான்ஸில் எச்சிலை வைத்தே நோயைக் கண்டறிகிற சோதனையை உருவாக்கியிருக்கிறார்கள். நம் நாட்டிலும், மும்பை பரேலில் இருக்கிற மத்திய அரசின் இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனம், பல மாநிலத்து ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துக்கொண்டு, இந்தியப் பெண்களின் அறிகுறிகளையும் மரபணுவையும் ஆராய்கிறது.

எல்லாவற்றையும்விட நாரணாபுரத்துக்கு முக்கியமான செய்தி 2022-ல் வந்தது. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் புது வழிகாட்டு நெறியை வெளியிட்டது. குழாய் விட்டுப் பார்த்தால்தான் நோய் உறுதி என்கிற பழைய விதியை அது தளர்த்தியது. நோயாளி சொல்வதைக் கவனமாகக் கேட்டு, பரிசோதித்து, ஸ்கேனும் பார்த்து, சந்தேகம் வலுவாக இருந்தால் ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கலாம் என்றது. இந்த நோயை முழுசாக ஒழிக்க மருந்து கிடையாது. ஆனால், மாத்திரையாலும், தேவைப்பட்டால் ஆபரேஷனாலும் வலியை அடக்கி வாழ்க்கையைத் திரும்பப் பெறலாம். கல்யாணம், குழந்தை இரண்டும் இதற்கு வைத்தியம் அல்ல என்பதும் இன்று தெளிவாகிவிட்டது.

இதன் அர்த்தம் என்ன? இருநூறு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து உருவாக்கிய அந்த விலை உயர்ந்த விளக்கு, முதல் படியில் தேவையே இல்லை. தேவை ஒரு கேள்விதான். 'மாசா மாசம் வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போக முடியாத அளவுக்கு வலிக்குதா?'

இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாமலும் இல்லை. கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிகளைத் தேடி வீட்டுக்கே போய்ப் பழகியவர். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் வாசலிலேயே வந்து பார்த்தார்கள். சிவகாசியில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. கட்டடம் உண்டு, ஆட்கள் உண்டு. கேட்க வேண்டிய பட்டியலில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும். கர்ப்பமா, எத்தனை பிள்ளை, ஆபரேஷன் ஆச்சா என்று எழுதிக்கொள்கிற நோட்டில் 'வலி' என்று ஒரு கட்டம் போட எவ்வளவு செலவாகிவிடும்?

உலக அளவில் இந்த நோயைக் கண்டுபிடிக்க 4 முதல் 12 வருஷம் வரை ஆகிறது என்கிறார்கள். பதினைந்து வயதில் வலி தொடங்கிய பெண்ணுக்குப் பெயர் தெரியும்போது இருபத்தேழு வயதாகியிருக்கலாம். அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவள் வீட்டில் எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருப்பார்கள்.

உங்கள் மகள் மாதத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு மட்டம் போடுகிறாளா? உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா குறிப்பிட்ட தேதிகளில் வராமல் போகிறாரா? வழக்கமான வலி மாத்திரைக்கு அடங்காத வலியா? ஒரு காலண்டரில் மூன்று மாதம் குறித்துவையுங்கள். எந்த நாள், எவ்வளவு வலி, எந்த வேலை நின்றது என்று. அந்தக் காகிதத்தோடு மகப்பேறு டாக்டரிடம் போங்கள். 'எண்டோமெட்ரியோசிஸா இருக்குமா டாக்டர்?' என்று நீங்களே கேளுங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால், எந்த டாக்டரும் சும்மா அனுப்பிவிட யோசிப்பார்.

அதற்கு முன்னால், வீட்டில் அவளிடம் கேட்டுவிடுங்கள். பதில் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். இதுவரை யாரும் கேட்டதில்லை இல்லையா!